காதில் விழாத வரைக்கும்

ஜூலை 3, செவ்வாய்

மழை. ஹார்பர் ஸ்டேஷனில் இறங்கும்போதே பிடிச்சுது, இன்னும் விடலை. புடவைப் பெட்டி நனையலை, தெய்வாதீனம்.

சம்பந்தி மாமா எங்களைத் தீவு ஓட்டலில் இறக்கியிருக்கார். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல். மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி அவருக்கு. அங்கே இருக்கிற சத்திரம் ஒழுகறதாம், பிள்ளை வீட்டுக்காரா நனையக்கூடாதாம். கல்யாணம் அக்கரையில், தங்கறது இக்கரையில். போக வரப் படகு.

மெத்தையில் உக்காந்தா இடுப்பு வரைக்கும் உள்ளே போறது. நான் ஜமக்காளம் விரிச்சுத் தரையில்தான். குளிக்கிற ரூமில் வெள்ளைத் தொட்டி, ஆள் நீட்டிப் படுக்கலாம். "எருமையைக் கூடக் குளிப்பாட்டலாம்டி"ன்னார் இவர்.

ஜன்னலுக்கு வெளியே புல்தரை, அதுக்கப்புறம் காயல். கப்பல் ஒண்ணு ரூமுக்குள்ளேயே வந்துடறாப்பல கிட்டக்கப் போச்சு. இவர் குழந்தையாட்டம் கை ஆட்டினார். "அண்ணா இதைப் பார்க்கணும், அண்ணா இதைப் பார்க்கணும்." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சாச்சு.

அண்ணான்னா பாலக்காட்டுக் கல்பாத்தியில் இருக்கிற பெரிய மச்சினர். மூச்சு இழுப்பு, மழையில் வரப்படாதுன்னுட்டார் டாக்டர். மன்னியும் அவரை விட்டுட்டு வரலை. குழந்தை குட்டி கிடையாது அவாளுக்கு. மாமனார் போனப்புறம் இவரைத் தோளில் தூக்கிண்டு பள்ளிக்கூடம் கொண்டு விட்டது அவர்தான்.

எங்க பிள்ளை ரவி பஞ்சகச்சம் கட்டிப் பழகறான். அபுதாபியில் பேண்டு போட்டுப் போட்டு இடுப்பில் வேஷ்டி நிக்கலை. திங்கட்கிழமை பம்பாயிலிருந்து ஃப்ளைட். இதை விட்டா ரெண்டு வருஷம் லீவு கிடையாது.

கல்யாணப் பொண்ணு கீதாதான் பாவம். இது ரெண்டாவது முகூர்த்தம். தையில் வச்சதை எங்க பக்கத்துத் தாயாதி ஒருத்தர் தவறிப் போய், தீட்டுன்னு நிறுத்தினோம். அதுக்கே அவா தெருவில் பொண்ணு ராசியைப் பத்திப் பேச்சு.

மறக்காம: கண் மை. இவர் கண்ணாடிக்கு நூல். ராத்திரி மாத்திரை. (டாக்டரம்மா குடுத்தது. கல்யாணத்தன்னிக்கு நான் தூரமாகி உக்காரப்படாதே. ஆறு மாசமா முன்னே பின்னே வந்து படுத்தறது.)

ஜூலை 4, புதன்

கார்த்தால மழை இல்லை. இவரும் ரவியும் பந்தல் பார்க்க அக்கரைக்குப் போனா. என் தங்கை ஜெயா பூ கட்டிண்டிருந்தா. ரூம் வேலை பார்க்கிற அந்தோணி சேட்டன் கதவைத் தட்டி, "அம்மா, ட்ரங்க் கால். பாலக்காட்டிலிருந்து." ஈரத்தலையோட கவுண்டருக்கு ஓடினேன்.

மன்னியோட தம்பி சுந்தரம். கத்தறான், லைன் கொரகொரங்கறது. "விடியக்காலம் அத்திம்பேர் போயிட்டார். அவர் தம்பி மணியை உடனே கிளம்பச் சொல்லுங்கோ. அவன்தான் கொள்ளி வைக்கணும். அவன் வர வரைக்கும் எடுக்கப்படாதுங்கறா அக்கா."

நான் "சரி"ன்னேன்.

சரின்னு சொன்ன அந்த வாய்.

கவுண்டர் பொண்ணு சிரிச்சுண்டே "நல்ல வார்த்தையா?"ன்னு கேட்டா. அதுக்கும் தலையாட்டினேன்.

சொன்னா என்ன ஆகும்? இவர் துண்டை உதறித் தோளில் போட்டுண்டு கிளம்பிடுவார், கல்யாணமாவது மண்ணாவது. பத்து நாள் தீட்டு. அப்புறம் ஆடி. ரவி திங்கட்கிழமை போயிடுவான். ரெண்டு தரம் நின்ன கல்யாணத்துப் பொண்ணை அப்புறம் யார் தொடுவா? இருபத்தாறு ஆச்சு அவளுக்கு.

தீட்டுங்கறது கேட்டவாளுக்குத்தான். இவர் காதில் விழாத வரைக்கும் இவர் சுத்தம், ரவி சுத்தம், முகூர்த்தம் சுத்தம். எங்காத்துப் பெரியவா எத்தனையோ பேர் வந்த சேதியை மடியில் கட்டிண்டு தாலி ஏறினப்புறம் அவிழ்த்திருக்கா. ஆனா அதெல்லாம் ஒண்ணு விட்டது, ரெண்டு விட்டது. இது கூடப் பிறந்த அண்ணா. வளர்த்தவர். பிணம் காத்திண்டிருக்கு.

என் காதில் விழுந்தாச்சே. அதுக்கு எங்கே போறது? தீட்டோட மணையில் உக்காந்து என் கையால மஞ்சள் குங்குமம் எடுத்துக் குடுக்க முடியுமா? கண்ணை மூடிண்டு பண்ணிடலாம், யாருக்குத் தெரியும். முடியலை. அவ்வளவு தைரியம் இல்லை எனக்கு. பாதி பாவத்துக்குத்தான் தைரியம்.

கட்டின புடவையோட தொட்டியில் இறங்கித் தலை முழுகினேன். வெந்நீர் தானா வந்தது. வெளியே வந்து ஜெயாகிட்ட, "நான் தூரம்"னுட்டேன்.

"ஐயையோ! மாத்திரை?"

"காலை வாரி விட்டுடுத்து."

"ஒரே பிள்ளை கல்யாணம்! பாவி மாத்திரை!" அவளுக்கு அழுகை. எனக்கும். அது நிஜ அழுகைதான், என்ன.

இவர் மத்தியானம் வந்து வாசல்படியில் நின்னார். "போறது விடு. உடம்பு உன் கையிலா இருக்கு?"ன்னு தேத்தினார். ரவி ரூமுக்குத் தன் பெட்டியைத் தூக்கிண்டு போனார். என்னைப் பார்த்துப் பரிதாபப்படறார் மனுஷர். என்னைப் பார்த்து.

சாயந்திரம் திரும்பவும் ட்ரங்க் கால். அம்மா ரூமில் இல்லைன்னு சொல்லச் சொன்னேன். அந்தோணி என் முகத்தைப் பார்த்துட்டுப் போனார்.

ஜூலை 5, வியாழன்

மழை கொட்டறது. எட்டு மணிக்குப் படகில் எல்லாரும் கல்யாண விரதச் சடங்குக்குக் கிளம்பிப் போனா. எனக்குப் பதிலா எல்லாம் ஜெயா பண்ணுவா.

அவா போன கையோட ட்ரங்க் கால். இந்தத் தடவை எடுத்தேன். ஓடி ஒளிய ஒரு அளவு இருக்கே.

சுந்தரம் இல்லை. மன்னியே. பக்கத்தாத்துப் போனுக்கு எழுந்து வந்திருக்கா, அந்த நிலையில்.

"மணி கிளம்பியாச்சா?"

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாத்திண்டேன்.

"லைன் இருக்கா? ஏண்டி, கேக்கறதா?"

"கேக்கறது மன்னி."

"அவன்கிட்ட சொன்னியோ?"

மூணு நிமிஷம் ஆச்சுன்னு நடுவில் ஆபரேட்டர் குரல். அப்புறம் மன்னி, "நாளைக்குத்தானே முகூர்த்தம்"னா.

"ஆமாம்."

"சரி. எடுக்கச் சொல்லிடறேன்."

வச்சுட்டா. அவ்வளவுதான். திட்டியிருக்கப்படாதோ? நாசமாப் போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதைப் பிடிச்சுண்டு இன்னிக்குப் பொழுதைக் கழிச்சிருப்பேன்.

மதியம் அந்தோணி வெள்ளி மூடி போட்ட தட்டில் தயிர் சாதம் கொண்டு வந்தார். இந்த ஓட்டல் அடுப்பில் என்னவெல்லாம் வேகறதோ, தெரியாது. கூட அன்னாசிப்பழம் நறுக்கி ஒரு கிண்ணம். இந்நேரம் ஆத்தங்கரையில் எரிஞ்சிண்டிருப்பார்னு நினைச்சுண்டேன். பசிச்சுது. ஒரு பருக்கை விடாம சாப்பிட்டேன். அன்னாசியும்.

தூரம்னா எங்காத்தில் கொல்லைப்பக்கம் ஒரு கிழிசல் பாய், ஒரு சொம்பு. இங்கே மின்விசிறி, காயல் காத்து, மணி அடிச்சா ஆள். தண்டனைன்னு நானே எனக்கு விதிச்சுண்டது இப்படிச் சொகுசா வாய்ச்சிருக்கு.

சாயந்திரம் ஜானவாச ஊர்வலத்துக்கு நடுவில் இவர் மட்டும் ஒரு படகு பிடிச்சு வந்துட்டார், எனக்குத் தூக்கில் பாலடைப் பிரதமன் எடுத்துண்டு. வாசல்படியில் வச்சுட்டு, எட்டி நின்னு பேசினார். "மட்டாஞ்சேரிக்காரன் பாயசம்னா பாயசம். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டேன். அண்ணா இருந்தா மூணு தரம்."

சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

"நாளைக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாடி ட்ரங்க் கால் போட்டு அண்ணாவை ரெண்டு வார்த்தை ஆசீர்வாதம் பண்ணச் சொல்லணும். பக்கத்தாத்தில் போன் இருக்கே."

"மழையில் பாலக்காட்டு லைனே இல்லையாம். நான் கேட்டேன்." யோசிக்கக்கூட இல்லை, நாக்கு தானா புரண்டது.

"அப்படியா"ன்னு முகம் வாடிப் போச்சு. நம்பிட்டார். முப்பது வருஷமா நான் சொன்ன எதைத்தான் நம்பலை?

பாயசத்தைத் தொட்டியில் கொட்டித் தண்ணி விட்டேன்.

ஜூலை 6, வெள்ளி

மழை வெளி வாங்கியிருக்கு. லேசாத் தூறல்.

ரவி பட்டு வேஷ்டியோட வராந்தாவில் நின்னு அங்கேருந்தே நமஸ்காரம் பண்ணினான். "அம்மா, அங்கேருந்தே ஆசீர்வாதம் பண்ணு." தீட்டுக்காரி எப்படிப் பண்ணறது? "போ போ, நாழியாச்சு"ன்னு சுவத்தைப் பார்த்துத் திரும்பிண்டேன். நான் அழறேன்னு நினைச்சிருப்பான்.

புல்தரை ஓரத்தில் நாற்காலி போடச் சொன்னேன். அந்தோணி குடையும் விரிச்சு வச்சுட்டுப் போனார். எதிரே மட்டாஞ்சேரி ஓட்டுக் கூரைகள். ஒலிபெருக்கியில் நாதசுரம், காத்து இந்தப் பக்கம் அடிச்சா கேக்கறது, திரும்பினா இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி கிழவி முட்டை சாப்பிட்டுண்டு, "மேரேஜ்?"னு கேட்டா. "மை சன்"னேன். அவளுக்குப் புரியலை. பின்னே நீ ஏன் இங்கேன்னு கேக்கற மாதிரி பார்த்தா.

ஒன்பதரைக்கு மேல் மழை பிடிச்சுண்டது. கெட்டி மேளம் எப்போ கொட்டினான்னு தெரியலை. ஒரு தடவை கேட்ட மாதிரி இருந்தது, படகு மோட்டாரோ என்னவோ. கையில் அட்சதை வச்சிண்டிருந்தேன். போடலை. நனைஞ்சு போச்சு.

மத்தியானம் ஜெயா வந்து சொன்னா. மூணு முடிச்சும் ஆச்சு. கீதா குனிஞ்ச தலை நிமிரலை. சம்பந்தி மாமா எல்லார் முன்னாடியும் ஓன்னு அழுதுட்டாராம், "நடந்துடுத்து, நடந்துடுத்து"ன்னு.

நடந்துடுத்து. அதுக்கு நான் சந்தோஷப்படறேன். அதைப் பொய்யா எழுதறதில் அர்த்தமில்லை. திரும்பவும் புதன்கிழமை வந்தாலும் இதையேதான் பண்ணுவேனோன்னு பயமா இருக்கு.

ஜூலை 7, சனி

வெயில்.

நாலாம் நாள் தலைக்கு விட்டுண்டேன், ஊருக்காக. இனிமே ஒதுங்க வழியில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நமஸ்காரம் பண்ணினா. கீதா கை சில்லுன்னு இருந்தது. "உங்களைக் காணாம எனக்கு என்னவோ போல இருந்தது அம்மா." பளிச்சுனு பேசறா. மலையாளம் கலந்த தமிழ், கேக்க நன்னா இருக்கு. இந்தக் கையால்தான் அவ தலையைத் தொட்டேன். ஒண்ணும் ஆகாம இருக்கணும் அவளுக்கு.

ரவிக்குப் பம்பாய் பிளேன் மூணு மணிக்கு. ஏரோடிராம் இந்தத் தீவிலேயே. இவர் பிளேன் கண் மறையற வரைக்கும் துண்டை ஆட்டினார்.

ஜெயாவும் சாயந்திர வண்டிக்குக் கிளம்பினா. ரூமுக்கு வந்தோம். இவர் மெத்தையில் உக்காந்து, பொதக்குனு உள்ளே போய், "அப்பாடா. கடமை முடிஞ்சது. நாளைக்கு நேரா கல்பாத்தி. அண்ணாகிட்ட ஒண்ணு விடாம சொல்லணும்"னார்.

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு ஞாபகம் இல்லை.

"எப்போ?"

"புதன்கிழமை விடியக்காலம்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"புதன்கிழமை."

ஜன்னலையே பார்த்திண்டிருந்தார். "யார் கொள்ளி வச்சா?"

"தெரியாது. மன்னி தர்ப்பைப் புல்லு குடுத்து, அவளுக்குப் பதிலா சுந்தரம் வச்சிருப்பான். நான் வாயைத் திறக்காததே எடுக்கச் சொன்ன மாதிரிதான்."

"அப்போ நீ தூரம் உக்காந்தது?"

தலையைக் குனிஞ்சுண்டேன்.

எழுந்தார். கல்யாண வேஷ்டியோட, தோளில் அங்கவஸ்திரத்தோட, அப்படியே குளிக்கிற ரூமுக்குள்ளே போய்த் தாழ் போட்டுண்டார். தண்ணி விழற சத்தம். ரொம்ப நாழி. தண்ணிக்கு மேல இன்னொரு சத்தம். கதவில் கை வச்சேன், தட்டலை.

சொட்டச் சொட்ட வெளியே வந்தார். சரிகையெல்லாம் உடம்போட ஒட்டி. கத்துவார்னு நினைச்சேன். கத்தலை.

"வியாழக்கிழமை நான் பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டேன்"னார்.



ஜூலை 8, ஞாயிறு

ஆலுவாய் தாண்டி எங்கேயோ. டிரைவர் சாயா குடிக்க நிறுத்தியிருக்கான். இவரும் இறங்கி ரோட்டோரம் நிக்கறார், முதுகைக் காட்டிண்டு. தூறல்.

கார்த்தால டாக்சியில் பெட்டி ஏத்தும்போது சம்பந்தி மாமா படகில் வந்துட்டார், முறுக்குக் கூடை, லட்டுக் கூடை, நாலு ஆள். "அண்ணாவுக்கும் மன்னிக்கும் தனியாக் கட்டியிருக்கு"ன்னார்.

"கூடை வேண்டாம்"னார் இவர்.

மாமா பயந்துட்டார். ஏதோ குறை வச்சுட்டோமோன்னு கை கூப்பினார். நான் கார்க் கதவைப் பிடிச்சிண்டு நின்னேன். இப்போ சொல்லப் போறார், எல்லாம் கெட்டது, கீதா காதுக்குப் போயிடும்.

"அண்ணா போயிட்டார். இப்பத்தான் போன் வந்தது"னார்.

இவர். ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை, முப்பது வருஷத்தில்.

மாமா தலையில் அடிச்சுண்டார். கண்ணைத் துடைச்சுண்டார். அப்புறம் இவர் ரெண்டு கையையும் பிடிச்சுண்டு, "ஆனாலும் பகவான் இருக்கார். எல்லாம் முடிஞ்சப்புறம் சேதி வந்ததே. நல்ல வேளை"ன்னார்.

"ஆமாம். நல்ல வேளை"ன்னார் இவர்.

என் பக்கம் திரும்பலை. முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிண்டார்.

டிரைவர் வரான்.