பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மதினி

மதினி,

இன்று காலை, போடியில் நான் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனில் ஒரு மின்விசிறி கருகிவிட்டது. காய் வாசனையையும் மீறிக்கொண்டு கம்பி கருகும் நாற்றம் எழுந்தது. மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இடி விழுந்த அன்றைக்கு உன் வீட்டுக்குள் எழுந்த நாற்றம் அது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். டிஷ் மாட்டலாம் என்று முதலில் சொன்னது நீதான். ஆளுக்குப் பாதி காசு, டிவி உன் வீட்டில். போடியிலிருந்து ஏஜெண்டு ஜீப்பில் வந்து இறங்கினான். கூரைமேல் ஏறி டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு, கீழே வந்து ஒரு பேப்பரை நீட்டினான்.

"பெட்டி உங்களுது இல்லக்கா, கம்பெனியோடது. நாளைக்கு வேண்டாம்னா திருப்பித் தந்துரணும். தரலேன்னா அதுக்குத் தனியாக் காசு கேப்பாங்க."

நீ சிரித்தாய். "நாங்க இருக்கிற வீடே எஸ்டேட்டுக்காரனோடதுதேன். சோலிய விட்டா அதையும் குடுத்துட்டுத்தான எறங்கணும். பெட்டி என்ன பெரிய பெட்டி!"

உனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பேப்பரை நான்தான் வாசித்துச் சொன்னேன். போன் நம்பர் கேட்டபோது, "உன் நம்பரக் குடு புள்ள, என் போனு பாதி நாளு செத்துக் கெடக்கும்" என்றாய். பெயர் உன்னுடையது, நம்பர் என்னுடையது. அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

சித்திரை மழையில் இடி விழுந்தது. பெட்டிக்குள்ளிருந்து புகை வந்ததும் நீ ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாய். "தண்ணிய ஊத்திராத மதினி, கரண்டு!" என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் வாசலில் நின்று நடுங்கியபடியே சிரித்தோம். பிறகு ஏஜெண்டு வந்து, ஈரச்சாக்குக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கருகிய பெட்டியை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போனான். படம் வந்தது. நமக்கு அது போதும்.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. "கீழ எறங்குனா சம்பளம் போயிரும், மாத்திரை போட்டாச் சரியாப் போகும்" என்றாய். நானும் விறகு அடுக்கி, கஞ்சி வைத்துக் கொடுத்து, காலையில் பார்க்கலாம், காலையில் பார்க்கலாம் என்றிருந்தேன். கடைசியில் ஜீப்பில் உன் தலை என் மடியில்தான் இருந்தது. வளைவுக்கு வளைவு மூச்சு இழுத்தது. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை லயத்துக்குக் கொண்டுவரவில்லை, அடக்கத்துக்கு உன் சொந்த ஊர் சிலமலைக்குத்தான் கொண்டுபோனோம்.

காரியம் முடிந்ததும் எஸ்டேட்டில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். திருப்பூரிலிருந்து உன் மகன் வந்தான். பாத்திரம், பாய், டிவி எல்லாம் ஜீப்பில் ஏறின. புறப்படும்போது அவன் சொன்னான்: "அத்தே, இந்தக் கனெக்சன நிப்பாட்டிருங்க. நம்பரு உங்களுதுதான? பெட்டிய போடியில குடுத்துருங்க, எனக்கு லீவு கெடையாது." சரிப்பா என்றேன். உனக்காகச் செய்ய அது ஒன்றாவது மிச்சமிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

பெட்டி, ரிமோட்டு, வயர், அடாப்டர் எல்லாவற்றையும் உன்னுடைய பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். போடி ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த தம்பி பெட்டியைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

"இது அவங்களுக்குக் குடுத்த பெட்டி இல்லக்கா."

"இடி விழுந்து போச்சு தம்பி. உங்க ஆளுதான் மாத்திக் குடுத்தாரு."

"மாத்துனதா இதுல பதிவே இல்லையே. குடுத்த பெட்டி திரும்பி வரலைன்னா சார்ஜ் விழுந்துரும்."

அவன் சொன்ன தொகையை உழைத்துச் சேர்க்க உனக்கும் எனக்கும் ஒரு வாரச் சம்பளம் பத்தாது. நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். "அப்படின்னா இறப்புச் சான்றிதழோட வாரிசு வரணும், பேர மாத்தணும், அதுக்கப்புறம்தான் நிறுத்த முடியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்து நின்றவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வெளியே வந்து உன் மகனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "அப்ப அந்தப் பழைய பெட்டி எங்கத்தே? பக்கத்துலயே இருந்தது நீங்கதான?" என்றான்.

மதினி, அவன் திருடி என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அந்தக் குரலில் இருந்தது. உன் வாயில் கடைசித் தண்ணீர் விட்ட கை இது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், மடியில் அந்த மூட்டையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. உன் மேல்கூடக் கோபம் வந்தது. உன் பெயருக்கு உன் நம்பரையே கொடுத்திருந்தால் என்ன என்று மனசுக்குள் உன்னை வைதேன்.

அதன் பிறகு லயத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் குடும்பம் வந்துவிட்டது. கீழே இறங்கி இந்தக் குடோனில் சேர்ந்துகொண்டேன். முதல் லீவு நாளிலேயே ஏஜெண்டைத் தேடிப் போனேன். அவன் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. செருப்புக் கடைக்காரர்தான் அவன் தேவாரத்தில் விவசாயம் பார்ப்பதாகச் சொன்னார்.

தேவாரத்தில் அவனைக் கண்டுபிடித்தபோது, முந்தின ராத்திரி யானை மிதித்துப் போட்ட வாழைகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தான். நான் யாரென்று சொன்னதும், "அந்த ஈரச்சாக்கு அக்காவுக்குப் பக்கத்து வீடா? அவுக நல்லா இருக்காகளா?" என்று கேட்டான். நீ இல்லை என்று சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"எரிஞ்ச பெட்டிய ஆபீசுல குடுத்துட்டேன்க்கா. ஆனா உங்களுக்கு வச்ச பெட்டி வேற ஒருத்தரு பேருக்கு வந்தது. மழையில அத்தனை பேரு காத்துக் கெடந்தாங்க, அப்புறம் எழுதிக்கிரலாம்னு விட்டேன். எழுதல."

"நீ எழுதாததுக்கு என்னையக் களவாணியாப் பாக்குறான்யா, நான் தூக்கி வளத்த பய."

மறுநாள் அவன் வாழையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தான். அதற்காக அவனை நான் மன்னித்துவிட்டேன். ஆபீசில் வெகுநேரம் வாதாடினான், எழுதிக் கொடுத்தான், பழைய ஆட்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டான். கடைசியில் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். மேல் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறோம், போன் வரும் என்றார்கள்.

படியில் இறங்கும்போது அவன் மெதுவாகச் சொன்னான். "போன் வந்தா, நீங்கதான் அவுகன்னு சொல்லிருங்கக்கா. எறந்துட்டாகன்னு சொன்னா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க."

"செத்தவள உசுரோட இருக்கான்னு சொல்லச் சொல்றியா?"

"உங்க இஷ்டம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல். உன் முழுப் பெயரையும் உன் அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லி, "அவங்கதானே பேசறது?" என்று கேட்டாள்.

நீ போன பிறகு உன் பெயரை யாரும் அப்படி முழுசாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

"ஆமா" என்றேன்.

பெட்டி வந்து சேர்ந்துவிட்டது, சார்ஜ் எதுவும் இல்லை என்றாள். பிறகு, "என்ன காரணத்துக்காக நிறுத்துறீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"பாக்க ஆளு இல்லம்மா."

அவள் எதையோ தட்டினாள். "சரிங்க மேடம், கணக்கை முடிச்சாச்சு. இவ்வளவு காலம் எங்களோட இருந்ததுக்கு நன்றி." உனக்குச் சொன்ன நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். கையைக் கழுவிவிட்டு வந்தேன். மிச்சச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் தோன்றாதது அப்போது தோன்றியது, உன்னை என் வாயாலேயே முடித்து அனுப்பிவிட்டதாக.

சாயங்காலம் உன் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஒண்ணும் கட்ட வேண்டாம்ப்பா, முடிஞ்சிருச்சு."

"சரித்தே" என்றான். பனியன் கம்பெனியில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவான் என்று பார்த்தேன். வைக்கவில்லை. அன்றைக்கு அப்படிக் கேட்டதற்கு வருத்தமும் சொல்லவில்லை. "அம்மா டிவியில அப்படி என்னத்தப் பாப்பாக? எனக்கு அதுகூடத் தெரியல" என்றான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவனுக்கு வலிக்கட்டும் என்றா, வலிக்க வேண்டாம் என்றா, இரண்டும் கலந்திருந்தது. பிறகு சொல்லிவிட்டேன்.

"நாடகமெல்லாம் எனக்குத்தாம்ப்பா. உங்கம்மா நியூஸ் வைக்கச் சொல்லும். கீழ எழுத்து ஓடும்ல, அதத்தான் பாக்கும். வாசிக்கத் தெரியாதுல்ல. 'திருப்பூருன்னு வருதா பாரு புள்ள, எம்மவன் ஊரு'ன்னு எங்கிட்டக் கேக்கும். மழை, பவர் கட்டு, எது வந்தாலும் முழுசா வாசிச்சுச் சொல்லணும்."

மெஷின் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, மதினி. அவன் மேல் இருக்கும் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து போகும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நியூஸ் ஓடினால், என் கண் தானாகக் கீழ் வரிக்குப் போகிறது. திருப்பூர் என்று வந்துவிட்டால், டீ ஆறினாலும் பஸ் போனாலும், அந்த வரி முழுவதும் ஓடி முடியும் வரை நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.