உன் 'கொஞ்சம்' எத்தனை கிராம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆய்வகத்தில் ஒரு கூத்து. இரண்டு கேன்களில் உப்புக்கரைசல் இருந்தது. ஒன்றில் '6 சதவீதம்', மற்றதில் '1 மோலார்' என்று எழுதியிருந்தது.

"ஆறுக்கு முன்னால ஒண்ணு எந்த மூலைக்கு? கீழ கொட்டிடும்மா" என்றார் மேலாளர்.

"ஐயோ சார், அளக்கிற விதம்தான் வேற! ஒரு மோலார்னா லிட்டருக்கு அம்பத்தெட்டரை கிராம் உப்பு. ஆறு சதவீதம்னா அறுபது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது எல்லோருக்கும் நான் 'மோலார் மேடம்'!

டீ மட்டும் உன் பக்குவத்தில் வரமாட்டேன் என்கிறது. கேட்டால் 'கொஞ்சம் தூள், கொஞ்சம் சர்க்கரை' என்கிறாய். ஒரு டம்ளருக்கு உன் கையாலேயே அள்ளி, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பு; நிறுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். இரண்டு டம்ளருக்கு அனுப்பம்மா. ஒன்றைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வேன்.

உன் மகள்