வெறும் சோடா

2009 ஆவணி, வெள்ளி இரவு

குடியை விட்ட பிறகு இன்றுதான் முதல் மேடை. வாழைச்சேனையில் கோயில் திருவிழா. சண்டை ஓய்ந்ததால் சனம் பயமில்லாமல் கூடியிருந்தது. பழைய தங்கநிறக் கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு ஏறினேன். "மினுக்கு ராசன்!" என்று என் பட்டப்பெயரைச் சொல்லி விசிலடித்தார்கள். சுனாமியில் கடல் எங்கள் மகளைக் கொண்டுபோகுமுன் எந்த ஊருக்குப் போனாலும் இந்த விசில்தான்.

இரண்டு பாட்டு முடிய, கோயில்காரர் ஒருவர் சோடாப் போத்தலை நீட்டினார். முன்பெல்லாம் எனக்கு அதில் சாராயம் கலந்துதான் தருவார்கள். ஊருக்கே தெரியும். நான் வாங்குமுன், முன்வரிசையில் இருந்த மனைவி ராணி மேடையேறிப் போத்தலைப் பறித்து, எல்லோரும் பார்க்க ஒரு மிடறு குடித்தாள்.

"வெறும் சோடாதான். குடிச்சிட்டுப் பாடுங்க."

மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

வீடு வந்ததும் கோட்டைக் கழற்றி மூலையில் எறிந்தேன்.

"கோவமா?" என்றாள்.

"சனத்துக்கு முன்னால என்ட மானத்த வாங்கிட்டாய்."

"பயந்திட்டன். மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

என் மானத்தை அவள் வாங்கவில்லை. வெறும் சோடா என்று கேட்டதும் என் நாக்கு ஏமாந்துபோனதே, மானம் அப்போதுதான் போனது.