அவள் பெயரைக் கேட்ட மருத்துவச்சி

அன்புள்ள அக்காவுக்கு,

அக்டோபர் மாதம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த டென்னசி மலைப்பக்கம் ஹாலோவீன் என்னும் பேய்த் திருவிழாவுக்காக வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்குகின்றன. நானும் எனக்குப் பிடித்த பேய்க்கதைகளை எடுத்துவைத்தேன். ஆனால் நாலு பக்கம் தாண்ட முடியவில்லை. படிக்கும்போதே கை வயிற்றுக்குப் போய்விடுகிறது.

நேற்று காலையில் வயிற்றில் குழந்தை அசையவே இல்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன், குளிர்ந்த ஆப்பிள் சாறு குடித்தேன். பலனில்லை. மருத்துவச்சி வில்மாவுக்குப் போன் செய்தேன். ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்த மாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கருவியை வயிற்றில் வைத்ததும் குதிரை ஓடுவதுபோலத் துடிப்பு கேட்டது.

"கேக்குதா? பிள்ளை நல்லா இருக்கு. எதுக்கும் இப்பவே ஆஸ்பத்திரி போயி ஸ்கேனும் பாத்துடலாம்."

"போன தடவையும் கடைசி வரைக்கும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

வில்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவளுக்கு என்ன பேரு வச்சிருந்தே, கண்ணு?"

இறந்தே பிறந்த என் மகளின் பெயரை ஒரு வருடமாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. பேச்செடுத்தாலே என் கணவர் விறகு வெட்டப் போய்விடுகிறார்.

"மேபெல்" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்னதும் அழுகை வெடித்தது. வில்மா என்னை அழ விட்டாள். பிறகு தானே காரோட்டிக் கூட்டிப்போனாள். ஸ்கேனிலும் எல்லாம் சரியாகவே இருந்தது.

பயம் இன்னும் போகவில்லை, அக்கா. ஞாயிறுதோறும் போனில் மழை பெய்ததா, என்ன சமையல் என்றெல்லாம் விசாரிக்கிறாய். இந்த ஞாயிறு மேபெலைப் பற்றிக் கேள். நான் அழுதால், போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் தங்கை