கலமேறாத மருத்துவன் திருப்பி அனுப்பும் முத்திரை

திரு வளர்க. வெண்துறை நாட்டையும் அதன் ஏழு தீவுகளையும் காத்தருளும் கோப்பெருமான் திருவடிகளுக்கு, அரண்மனைத் தலைமை மருத்துவன் பூதன் வெண்காடன் தலைகுனிந்து விடுக்கும் ஓலை. நாடு செழிக்க, கலங்கள் யாவும் கரை சேர்க, இதை எழுதுபவனுக்கு வாழ்த்தொன்றும் வேண்டா.

கடற்படைக்கென மருத்துவர் பதினாறு பேரைப் பழக்கித் தருமாறு பெருமான் இட்ட கட்டளையை வெண்காடன் பணிந்து ஏற்றான். அரண்மனைச் சோலையில், அசையாத கல்தரையில், வெட்டுக்காயம் தைக்கவும் முறிந்த எலும்பைக் கட்டவும் கற்பித்து, முத்திரையளித்து அவர்களைக் கலமேற்றினான். பயிற்சியைக் கலத்திலேயே நடத்த வேண்டுமெனக் கடற்படைத் தலைவர் மாவளத்தார் இருமுறை கேட்டனுப்பியபோது, உப்புக்காற்றில் மருந்து கெடும் என்று மறுமொழி விடுத்தான். அது பொய். இளமையில் ஒருமுறை கலமேறி, மூன்று நாளும் குடலைப் புரட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் சுருண்டு கிடந்தவன் அவன். ஆசான் வாந்தியெடுப்பதை மாணாக்கர் பார்த்துவிடக் கூடாதே என்கிற வீண் மானம் அவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டது.

நத்தைத்தீவுப் போரில் அப்பதினாறு பேரும் அலையாட்டத்தில் தலைசுற்றி எழுந்து நிற்கவும் மாட்டாமல் கிடக்க, காயம்பட்ட வீரர் ஒன்பது பேர் குருதி வடிந்தே மாண்டனர். தத்தன் என்னும் பாய் தைப்பவன் தன் ஊசியை வெந்நீரில் முக்கிக் காயங்களைத் தைத்திராவிட்டால் இன்னும் பலர் மாண்டிருப்பர்.

பெருமான் அவையில் சினந்து, அம்மருத்துவர்களைக் கோழைகள் எனக் கடிந்து, வரும் முழுநிலா நாளில் நாடு கடத்தப் பணித்தபோது வெண்காடன் அருகிலேயே நின்றான். வாய் திறக்கவில்லை. மாணாக்கருள் ஒருவனான நீலன், ஆசான் நன்றாகவே கற்பித்தார் என்றும் குறை தங்களுடையதே என்றும் அவையில் விண்ணப்பித்தபோது, ஆம் என்று தலையும் அசைத்தான். அன்று முதல் தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசுகிறான், பெருமானே.

ஆகையால் தண்டனை அவனுக்கே உரியது. மாணாக்கரை விடுத்தருள வேண்டும். அவர்கள் இனிக் கலத்தில், தத்தனிடம் பயிலட்டும். அலையடிக்கும் தளத்தில் நின்று காயம் தைத்துக் காட்டாத எவருக்கும் முத்திரை இல்லை என்பது தலைமை மருத்துவனாக வெண்காடன் இடும் கடைசி ஆணை. இறந்த ஒன்பது பேர் வீடுகளுக்கும் அவனே சென்று உண்மையைச் சொல்வான்.

அவன் முத்திரை இத்துடன் வருகிறது. ஆதலால் இவ்வோலை முத்திரையிடப்படாமல், தத்தன் கொடுத்த பாய்நூலால் கட்டப்பட்டது. எழுதிய இடம், துறைக்கு வெளியே அலையில் ஆடும் கலத்தின் மேல்தளம்.

இவை வெண்காடன் எழுத்து. கோணியிருப்பதைப் பொறுத்தருள்க, நடுவே நான்கு முறை எழுத்தாணியைப் போட்டுவிட்டுக் கலத்தின் விளிம்புக்கு ஓடினான். வீரர் எல்லாரும் பார்த்தனர்.