அப்பா தனக்கு மட்டும் கேட்ட இடம்

அன்புள்ள அண்ணா,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை. கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி பேசுவது அம்மா.

என் மகனுக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதற்குமேல் நலம் என்று சொல்ல மனம் வரவில்லை. அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன், யார் யாருடைய ஃபிரிட்ஜோ ரிப்பேருக்கு வந்தது வந்தபடி நிற்கிறது, ஆட்கள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்ல. அவர் உயிர் போன அன்று நாலு பேர் பெட்டி பெட்டியாக ஐஸோடு வந்து இறங்கினார்களே, அவரோடு தொழில் செய்தவர்கள்தான், நீ வந்து முகம் பார்க்கும்வரை உடம்பு கெடாமல் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன். கும்பிட்டு, டீ போட்டுக் கொடுத்தேன் மகனே. குடித்துவிட்டு அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்றைக்காவது உயிர் கொடுத்து எழுப்பலாம் என்று செத்தவர்களை உறையவைத்துப் பாதுகாக்கிற கம்பெனி என்று அப்புறம்தான் தெரிந்தது. போனில் கேட்டால், "அப்பாவோட ஆசைம்மா, நீ குறுக்கே நிப்பேன்னுதான் சொல்லலை" என்கிறாய். தலைவலி என்றால்கூட என்னிடம் சொல்கிற மனுஷன், இதை மட்டும் கடல் தாண்டி உன்னிடம் சொல்லியிருக்கிறார்.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. எதிர்க்கடை டெய்லர், "ஃபிரிட்ஜ் மெக்கானிக்காச்சே, வாரண்டி எத்தனை வருஷம்னு கேட்டிருப்பாரே" என்கிறார். மருந்துக்கடைக்காரர், "சிரிக்காதீங்கய்யா, இருதயத்தை மாத்துறதுன்னு சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க" என்று அவரோடு சண்டைக்குப் போகிறார். மாடிவீட்டு அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழலாமா கூடாதான்னு தெரியலையேடி" என்றாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை. (இதை எழுதாதே என்றாள் அம்மா. வாக்குக் கொடுத்ததால் எழுதிவிட்டேன்.)

இப்போது எனக்கும் அங்கே ஒரு இடம் பிடித்துவைக்கிறேன், சரி என்று மட்டும் சொல் என்கிறாய். நேற்று போனில் ஒன்றே ஒன்று கேட்டேன், அப்பா தனக்கு இடம் கேட்டபோது என் பேச்சை எடுத்தாரா என்று. லைன் சரியில்லை என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, உன் மூச்சுகூடக் கேட்டது. என்றைக்கோ கண் விழித்தால் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன் என்று தெரிந்துதானே போயிருக்கிறார். கூப்பிடாத இடத்துக்கு நான் வரமாட்டேன். நான் போனால் மண்ணில் வை. அதையாவது என் முகத்துக்கு நேராகச் சரி என்று சொல், அதற்காக ஒருமுறை வந்துவிட்டுப் போ.

கோபம் இருந்தாலும் வாழ்த்தாமல் முடிக்க வாய் வரவில்லை. நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. குளிர்காற்றில் காதை மூடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்

அண்ணா, எனக்கும் நீ சொல்லவில்லை. இந்த வரி அம்மா சொன்னதல்ல. அவள் பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டாள்.