டிரைவர் ஏறும்போது திரை இருளும்

12.5.2008, திங்கள்
காலையிலேயே வெயில். எட்டு மணிக்குப் போன கரண்ட் பத்துக்குத்தான் வந்தது. வாங்க வேண்டியது: துவைக்கிற சோப்பு, கறிவேப்பிலை, மாமியாருக்கு மூட்டுவலித் தைலம்.

அவர் வாங்கி வந்த புது கேம் லேப்டாப்பில் ஓடவில்லை. கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரையில் படம் வரவைக்கும் சாஃப்ட்வேர், பழசு, புதுசு போடு என்று திரையில் வருகிறது. வேலை போனதிலிருந்து நாள் முழுக்கச் சுடுகிற விளையாட்டுதான். "நீதான பிசிஏ. போடு" என்றார்.

பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டு வந்தேன். ஏறவில்லை. இந்த மிஷினுக்குப் பொருந்தாது என்றது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை. இன்னும் காதுக்குள் இரைச்சல். மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சோப்பு மறந்துவிட்டது.

13.5, செவ்வாய்
அனல். பழங்காநத்தம் போனேன், செல்வி கடைக்கு. கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். கொட்டாம்பட்டிக்காரி, அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் கூலி. இப்போது சொந்தமாக லேப்டாப் சர்வீஸ் கடை.

"லேப்டாப்புக்கு அதச் செஞ்ச கம்பெனி குடுக்குறதத்தான்டி போடணும். நீ பொதுவா உள்ளத எறக்கியிருக்க." சரியானதைத் தேடி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். பிறகு என் கன்னத்தைப் பார்த்தாள். கதவு இடித்துவிட்டது என்றேன்.

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு வெரலா?"

டீ வாங்கித் தந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

14.5, புதன்
டிரைவர் போட்டேன். ஆரம்பிக்கும் முன்பே அவரிடம் சொன்னேன்: நடுவில் திரை இருட்டாகும், தானாகவே வரும், பொறுங்கள் என்று. சரி என்றார்.

திரை இருண்டது. அவர் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து கூந்தலைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினார். "கெடுத்துட்டியா? கெடுத்துட்டியாடி?" பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார். பாதி ஏறிய டிரைவர். மறுபடி ஆன் செய்தால் கறுப்புதான்.

மூக்கில் ரத்தம். கீபோர்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து, சேஃப் மோடில் திறந்து, பாதி ஏறியதை எடுத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே நின்றார். மறுபடி திரை இருண்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்தால் படம் வந்திருந்தது.

"காபி போடு" என்றார். போட்டேன். சமையலறையில் மாமியார் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் முணுமுணுத்தார்: அவன் கோபமாக இருக்கும்போது நீ ஏன் பக்கத்தில் நிற்கிறாய்?

நான் எங்கே நிற்பது.

16.5, வெள்ளி
புழுக்கம். மழை வரும் போல் இருந்தது, வரவில்லை.

கேம் பாதியில் நின்றது. லேப்டாப் அடுப்பு மாதிரிக் கொதித்தது. சூட்டினால்தான், டிரைவரால் இல்லை என்றேன். "எனக்கே சொல்லித் தாரியா?" என் இடது கையைக் கீபோர்டில் வைத்து அழுத்தி, மூடியை ஓங்கி மூடினார். மறுபடியும். மோதிர விரல் முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி அதற்குப் பிறகுதான்.

இன்னொரு தடவை மூடியைத் தூக்கினார். வலது கைக்குச் சார்ஜர் அகப்பட்டது. ஒயரைப் பிடித்துச் சுழற்றி அடித்தேன். அந்தக் கறுப்புக் கட்டி அவர் புருவத்தில் இறங்கியது. சதை பிளந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகம். இன்னொரு அடி அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்தேன். தோளில் பட்டது.

செருப்பு போடாமல் இறங்கினேன். தார் ரோடு சுட்டது. ஆட்டோவில் நேரே செல்வி கடை. அவள் ஷட்டரை இறக்கிவிட்டு என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"எப்படிம்மா ஆச்சு?" டாக்டரம்மா கேட்டார். கதவு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"வீட்டுக்காரர்."

"பேரு?"

"முரளி."

எழுதிக்கொண்டார். கட்டுப் போட்டார்கள். செல்வி வீட்டில்தான் தங்கல். சாப்பாடு: ரசம், அப்பளம். நன்றாகச் சாப்பிட்டேன். ஆச்சரியம்.

19.5, திங்கள்
முரளி கடைக்கு வந்தான், அவன் தாய்மாமாவோடு. புருவத்தில் பிளாஸ்திரி. மாமா லேப்டாப்பைக் கவுண்டரில் வைத்தார். "வீட்டுக்கு வாம்மா. வர்றதுக்கு முன்னாடி இதையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடு, திரையே வரல."

வரமாட்டேன் என்றேன். முரளி கவுண்டரைத் தாண்டி வந்து பின்னலைப் பிடித்து இழுத்தான். கட்டுப் போட்ட கை சுவரில் மோதி உயிர் போனது. என்னைச் சௌராஷ்டிரத்தில் திட்டினான். செல்வியைத் திட்ட மட்டும் தமிழுக்கு மாறினான், அவளுக்குப் புரிய வேண்டுமே, சாதியைச் சொல்லி.

செல்வி ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்தாள். குரல் உயரவில்லை. "அண்ணே, கைய எடுங்க. இது என் கட."

எடுக்கவில்லை. மணிக்கட்டில் ஒரே போடு. விட்டான். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "என்ன செல்வி, ஆரு இவன்?" மாமாதான் அவனை இழுத்துக்கொண்டு போனார். லேப்டாப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

செல்வி கம்பியைத் திரும்ப மூலையில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் கடைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

20.5, செவ்வாய்
மேகமூட்டம். மகளிர் ஸ்டேஷன். நீளமான பெஞ்ச், ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. செல்வி கூடவே இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பேனாவை மூடினார்.

"அவரும் வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. நீயும் அடிச்சிருக்க, உன் ஃபிரண்டும் அடிச்சிருக்கு. கேஸுன்னு போனா ஒங்க மேலயும் வரும். சமாதானமாப் போயிரலாமேம்மா. யோசிச்சுச் சொல்லு."

செல்வியைப் பார்த்தேன். தலையாட்டினாள்.

"அவர் அடிச்சது, நாங்க அடிச்சது, ரெண்டையும் எழுதுங்க மேடம்" என்றேன்.

பேனாவைத் திறந்தார்.